செத்த காலேஜ்

எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்த வினை. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி ஜெயபாலன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இல்லை இதை ஆட்களுக்கு விளங்குகிற தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால், ராசம்மா தன் பாட்டுக்கு ஏழாம் நம்பர் வீட்டில் காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் தெரியாது என்று சொன்னால் கிராணியின் தலையிலிருக்கும் தொப்பி கீழே விழுந்துவிடும் அல்லவா? அதனால் அவர் சொன்னார். சொல்லித் தொலைத்தார்.

சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கத்திலிருந்து ஆறு மைல்கட்டை தள்ளி, சிவப்பு மண் சடக்கு முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கித்தாத் தோட்டம், ரப்பர் மரத் தோட்டம். 1936-இல் அதற்கு இருபத்தைந்து வயது. கித்தா விலை விழுந்த வருஷங்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். விலை ஏறியதும் புது ஆட்களைக் கொண்டுவந்தார்கள். புது ஆலையும் செங்கல் லயங்களும் கட்டினார்கள். பழைய ஆலை, அதன் நீராவி எஞ்சின், பால் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற பழைய கொட்டகை, பத்து வீடுகள் கொண்ட பலகை லயம், ஒற்றைக் கட்டில் கிடக்கும் மருந்துக் கொட்டகை, இவை ஆற்றோரம் தனியாக நின்றன. இடித்து விறகாக்க வேண்டியதுதான் என்று துரை சொன்னார். துரைசானிதான் வேண்டாமென்று தடுத்தாள்.

வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைக்கிற பழக்கம் உள்ளவள் அந்தத் துரைசானி. வெள்ளி விழா வருஷத்தில் ஆற்றோரத்துக் கட்டடங்களை அப்படியே நிறுத்தி வைக்கலாம், ஆலை தொடங்கிய 1917-இல் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடலாம், சீமையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற விருந்தாளிகள் தோட்டம் பிறந்த கதையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அவள் கேட்டாள். கம்பெனியும் சரி என்றது.

காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டில் ஆட்களை நிற்க வைத்து இதை அறிவிக்கும் வேலை கிராணிக்கு வந்தது. புத்தகத் தமிழில் இதற்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. அதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. கிராணி இரண்டு வருஷம் மெட்ராஸில் படித்தவர். அங்கே எழும்பூரில் இருக்கும் மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் வேறு. உயிருள்ள மிருகங்களைக் கூண்டில் அடைத்த இடம் உயிர் காலேஜ். செத்ததையெல்லாம் பதப்படுத்தி அடுக்கி வைத்த இடம் செத்த காலேஜ்.

"மெட்ராஸ்ல செத்த காலேஜ் இருக்குல்ல, அது மாதிரி நம்ம பழைய லயத்தையும் ஆலையையும் ஒரு செத்த காலேஜா ஆக்கப் போறாங்க" என்றார் கிராணி.

மெட்ராஸைப் பார்த்த நாலு பேர் சிரித்தார்கள். ராசம்மா சிரிக்கவில்லை. அவள் மன்னார்குடிப் பக்கம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். மெட்ராஸ் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் காதில் விழுந்தது இரண்டே சொல். செத்த. காலேஜ். காலேஜ் என்றால் எழுத்து இருக்கிற இடம். அப்படியானால் செத்தவர்களை எழுதி வைக்கிற இடம். இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கும் உங்களுக்கும் விவரம் தெரியாவிட்டால் நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் ஆற்றோரத்தில்தான் இருந்தது. பதினெட்டு வயதில் வீரமுத்துவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஆலை தொடங்கிய வருஷம் வீரமுத்துவைப் புகைக் கொட்டகையில் நெருப்புப் போடும் வேலைக்கு விட்டார்கள். அந்த வருஷ மழையில் லயம் முழுக்கக் காய்ச்சல். காய்ச்சலோடு படுத்திருந்தவனை மூன்றாம் நாள் எழுப்பி வேலைக்கு விரட்டியவர் அப்போதைய துரை. எப்போதும் கையில் பிரம்பு வைத்திருந்ததால் அவருக்குப் பிரம்புத் துரை என்று பெயர். கொட்டகை அடுப்பின் முன்னால் விழுந்தவனை ஏழாம் நம்பருக்குத் தூக்கி வந்தார்கள். மறுநாள் மத்தியானம் அவன் போய்ச் சேர்ந்தான்.

தோட்டத்து ஆட்களைப் புதைத்தது புகைக் கொட்டகைக்குப் பின்னால். தலைமாட்டுக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். நாலைந்து வருஷம் கழித்து, நல்ல நிலம் சும்மா கிடக்கிறதென்று கல்லையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேயும் கித்தாக் கன்று நட்டார்கள். கன்று மரமாயிற்று. இப்போது அந்த நிரையில் பால் வெட்டுகிறவள் ராசம்மா. எந்த மரத்தடியில் அவன் கிடக்கிறான் என்று தெரியாமல் எட்டு வருஷமாக முந்நூறு மரத்தையும் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் புத்தகத்தில் அவனுக்கு நம்பர்தான் உண்டு, பெயர் இல்லை. மற்றவர்களெல்லாம் செங்கல் லயத்துக்குப் போன பிறகும் அவள் மட்டும் ஏழாம் நம்பரை விட்டு அசையாததற்கு இதுதான் காரணம். அவன் இருந்ததற்குச் சாட்சி என்று அந்த வீடு ஒன்றுதான் மிச்சம்.

பால் நிறுத்து ஊற்றியதும் அவள் நேரே ஆபீசுக்குப் போனாள். படிக்குக் கீழே நின்றாள்.

"ஐயா, செத்தவங்க காலேஜுன்னு சொன்னீங்களே, அதுல இங்க செத்தவங்க பேரெல்லாம் எழுதி வெப்பாங்களா?"

கிராணி நிமிர்ந்து பார்த்தார். அந்த நிமிஷத்தில் சிரித்து, அடி பைத்தியக்காரி, அது அப்படியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள்தான் துரைசானி அவரைக் கூப்பிட்டு, ஏழாம் நம்பர்க்காரியைச் சத்தமில்லாமல் கிளப்ப வேண்டும், பழைய சாமான்களை ஆட்களிடமிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ராசம்மாவைச் சத்தமில்லாமல் கிளப்புவதாவது! அவள் வாய் திறந்தால் கங்காணி ஐயாசாமியே இரண்டு நிரை தள்ளிப் போய்விடுவார். கிராணிக்கோ விலை விழுந்த காலத்தில் வேலை போகப் பார்த்துத் தப்பிய பயம் இன்னும் விடவில்லை.

"எழுதுவாங்க" என்றார். வீட்டைக் காலி செய்து கொடுத்தால், சாமான்களும் சேர்ந்தால், கட்டாயம் எழுதுவார்கள் என்று மேலும் சொன்னார்.

ஒருவர் வாழ்க்கையில் மண்ணைப் போடுவதற்கு எத்தனை சின்னச் சொல் போதும் பாருங்கள்.

அன்றிலிருந்து ராசம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீடு வீடாகப் போனாள். ஊருக்கு அனுப்பப்படாமல் மிஞ்சியிருந்த பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களை உட்கார வைத்து, உங்கள் வீட்டில் யார் செத்தது, பக்கத்து வீட்டில் யார், பெயர் என்ன என்று துருவித் துருவிக் கேட்டாள். கேட்டதைத் தோட்டத்துக் கடைக்காரர் நைனா முகம்மதுவிடம் போய்ச் சொன்னாள். அதிராம்பட்டினத்துக்காரர் அவர், ஆலை தொடங்கிய வருஷத்திலிருந்து கடை வைத்திருப்பவர். சர்க்கரை மடிக்கிற பழுப்புத் தாளில் ஒவ்வொரு பெயராக எழுதினார். அவருக்கும் அந்தப் பெயர்களில் பாதி தெரியும்.

பழைய ஆட்களில் ஒருத்தி தனலெட்சுமி. அவள் பிள்ளை பிறந்த பதினோராம் நாளே போய்விட்டது, பெயர் வைக்கவில்லை. அதை எப்படி எழுதுவது என்று பாய் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தனலெட்சுமி பிள்ளை என்று எழுதுங்கள் என்றாள் ராசம்மா. தன் புருஷன் முறை வந்ததும் வாயடைத்து நின்றாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லுகிற வழக்கம் ஏது? அவன் இருந்தபோதும் அவள் சொன்னதில்லை, செத்துப் பத்தொன்பது வருஷத்திலும் சொன்னதில்லை. கூட வந்திருந்த தனலெட்சுமிதான் சொன்னாள், "வீரமுத்து." பாய் எழுதினார். எழுதியதை ராசம்மா குனிந்து பார்த்தாள். வாயால் சொல்லக் கூடாத பெயர் தாளில் கிடப்பதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, வயிறு நிறைந்த மாதிரியும் இருந்தது.

மொத்தம் ஐம்பத்திரண்டு பெயர். தாளைக் கிராணியிடம் கொடுத்தாள். வீட்டையும் கொடுத்தாள். அம்மியைக் கொடுத்தாள், தகரப் பெட்டியைக் கொடுத்தாள், வீரமுத்து விறகு பிளந்த கோடாலியைத் துடைத்துக் கொடுத்தாள். மற்றவர்களும் அவள் சொல்லைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள். தனலெட்சுமி, செத்த பிள்ளை படுத்திருந்த மரத்தொட்டிலை இருபது வருஷமாக யாருக்கும் இரவல்கூடக் கொடுக்காதவள். அதையும் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் பெயர் எழுதப் போகிறார்களே என்ற சந்தோஷம் அவளுக்கு. இதற்கு நடுவில் மகள் கல்யாணத்துக்காகப் பாய் கடையை மைத்துனர் ஜமாலிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

ஆற்றோரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், புது அத்தாப்புக் கூரை போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் துரைசானிக்குத் திருப்தி இல்லை. வீடு இருக்கிறது, அம்மி இருக்கிறது, ஆள் இல்லையே. 1917-இல் எடுத்த போட்டோப்படம் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் லயத்து வாசலில் பொட்டும் பூவுமாக ஒரு பெண் குனிந்து அரைத்துக்கொண்டிருப்பாள். விருந்தாளிகள் வருகிற நாளில் அதே மாதிரி ஒருத்தி ஏழாம் நம்பரில் உட்கார வேண்டும் என்றாள். அந்த வீட்டுக்காரியே உட்காரட்டும். அதுதான் உண்மையாக இருக்கும்.

கிராணி தரையைப் பார்த்துக்கொண்டுதான் ராசம்மாவிடம் சொன்னார். ரவிக்கை இல்லாமல் வரவேண்டும் என்றதும் அவள் போட்ட சத்தத்தில் ஆபீஸ் தம்பிகள் வெளியே வந்துவிட்டார்கள். அதைத் துரைசானி விட்டுக்கொடுத்தாள். பொட்டை விட்டுக்கொடுக்கவில்லை. படத்தில் பொட்டு இருக்கிறது.

"நான் தாலி அறுத்தவ ஐயா" என்றாள் ராசம்மா.

"பேரு எழுதுற பலகை தயாராயிக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல துரைசானி மனசக் கெடுத்துக்க வேணாம்" என்றார் கிராணி.

அவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் தனலெட்சுமி வீட்டுக் குங்குமத்தை வாங்கி, கண்ணாடி பார்க்காமல் வைத்துக்கொண்டாள். யாருக்காக இதைச் செய்கிறாள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

திறப்பு விழாவன்று பழைய ஆலை வாசலில் பித்தளைப் பலகையின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். இங்கிலீஷ் எழுத்து, பதினோரு வரி. விருந்தாளிகள் கை தட்டி முடித்து டீ குடிக்கப் போனதும் பழைய ஆட்கள் பலகையைச் சூழ்ந்தார்கள். ஐம்பத்திரண்டு பேருக்குப் பதினோரு வரி எப்படிப் போதும் என்று ராசம்மா கேட்டாள். வெள்ளைக்கார எழுத்து, சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்றார் கிராணி.

"எங்க வூட்டுக்காரரு எந்த வரி?"

கிராணியின் விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு நாலாவது வரியைத் தொட்டது. தனலெட்சுமி கேட்டாள், ஏழாவதைத் தொட்டது. ஆளாளுக்குக் கேட்கக் கேட்க அது எங்கெங்கேயோ போயிற்று. ராசம்மா முந்தானையால் நாலாவது வரியைத் துடைத்தாள்.

அப்புறம் ஐந்து மாதம். விருந்தாளிகள் வரும் நாளெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஏழாம் நம்பரில் உட்கார்ந்து, யாரும் தின்னாத மிளகாயை அரைத்தாள். அவர்கள் போனதும் பொட்டை அழித்துவிட்டு, பலகையண்டை வந்து நாலாவது வரியில் ஒரு பூ வைப்பாள். ஆடி அமாவாசைக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் அங்கேயே படையல் போட்டார்கள். அந்த ஐந்து மாதம் அவள் யாரையும் ஏசவில்லை. ஐயாசாமிக் கங்காணிக்கே அவள் உடம்புக்கு என்னமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய நைனா முகம்மது, தாம் எழுதிய பெயர்களைப் பலகையில் பார்க்கலாமென்று ஒருநாள் சாயங்காலம் வந்தார். சிங்கப்பூர்ச் சரக்குப் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ராசம்மா பெருமையோடு கூடவே வந்தாள். பாய் முதல் வரியிலிருந்து மெதுவாக வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இதுல நம்ம ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்ல."

எஞ்சின் எந்த ஊரில் செய்தது, எந்த வருஷம் வந்தது, கம்பெனித் தலைவர் யார், இதுவரை இருந்த துரைமார் யார் யார், அவ்வளவுதான் பலகையில் இருந்தது.

"நாலாவது வரி?" என்று கேட்டாள் அவள்.

பாய் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் பார்த்த பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை. அது ஒரு துரையின் பெயர், 1911 முதல் 1918 வரை என்று போட்டிருக்கிறது என்றார். அந்த வருஷங்களில் இருந்தவர் பிரம்புத் துரை. வரியின் மேல் காலையில் வைத்த செம்பருத்தி அப்படியே இருந்தது.

அவள் அழவில்லை. பூவை எடுத்தாள், காலில் போட்டு மிதித்தாள், நேரே கிராணி வீட்டுக்கு நடந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு வெளியே வந்து, அவள் கேட்டதற்கு, பட்டியலைத் துரையிடம் கொடுத்ததாகவும், கூலி ஆட்களுக்கு நம்பர்தான் கணக்கில் இருக்கிறது, இந்தப் பெயர்களுக்கு என்ன ருசு என்று கேட்டு அவர் குப்பையில் போட்டதாகவும் சொன்னார். செத்த காலேஜ் என்றால் செத்த புலி, செத்த பாம்பு, பழைய சாமான் இருக்கிற இடம். தாம் சொன்னது அதைத்தான், அவள்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்றும் சொன்னார்.

"செத்ததை வெக்கிற எடம்னா என்னை ஏன் அங்க ஒக்கார வெச்சீங்க?"

உயிரோடு இருப்பதை வைத்துக் காட்டுகிற இடத்துக்கு மெட்ராஸில் என்ன பெயர் என்று கிராணிக்குத் தெரியும். அங்கே கூண்டில் என்ன இருக்கும் என்றும் தெரியும்.

லயத்துக்குப் போய் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னவளும் ராசம்மாதான். தன் வாயால் கேட்டு வாங்கிக் கொடுத்த சாமானுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்ற ரோஷம் அவளுக்கு. ஒருவரும் அவளை வையவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பாள். தனலெட்சுமி தொட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கிணற்றடியில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ராசம்மா பாயின் கடைக்குப் போனாள். பலகை அவர்களுடையதாக இருக்கட்டும், ஏழாம் நம்பர்ச் சுவர் தன்னுடையது, அதில் எழுதித் தர வேண்டும் என்றாள். பாய் யோசித்தார். கடை இருப்பது கம்பெனி நிலத்தில். யோசித்துவிட்டு, அடுப்புக் கரியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் எழுதினார்கள். தாள் போனால் என்ன, ஐம்பத்திரண்டு பெயரும் ராசம்மாவின் நெஞ்சில் வரிசையாக இருந்தன. அவள் சொல்லச் சொல்ல, வெள்ளைச் சுவரில் பாய் கொட்டை எழுத்தில் எழுதினார். வீரமுத்துவின் இடத்தில் அவள் நிறுத்தினாள். பாய் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குள் செய்தி பரவி ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகத் தனலெட்சுமி வந்தாள். தன் பிள்ளையின் வரி எது என்று கேட்டு, அதன் நேரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். இருட்டுகிற நேரத்தில்தான் எழுந்தாள். எழுந்ததும், "வாக்கா, ராத்திரிக்கு நம்ம வூட்டுல சாப்புடலாம்" என்று ராசம்மாவைக் கூப்பிட்டாள்.

புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து பெரிய விருந்தாளிகள் வருவதாக இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் துரைசானி வந்தாள், பின்னாலேயே கிராணி. ராசம்மா பொட்டோடு அம்மியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். உட்காரமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் சுவரில் இவ்வளவு பேர் இருக்க, அவர்களை யார் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று வந்திருந்தாள்.

துரைசானி சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். இது என்ன என்று கேட்டாள். கிராணி சொன்னார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இத்தனை பேரா என்று கேட்டாள். பிறகு ரொம்பத் தன்மையாகச் சில வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டுப் புகைக் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

கிராணி அதைத் தமிழில் சொல்ல நேரம் பிடித்தது. 1917-இல் இந்த லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கூலி ஒருவர்கூட இல்லை. சுவரில் எழுத்து இருந்தால் பார்க்கிறவர்கள் அந்தக் காலத்திலேயே இங்கே எல்லாருக்கும் எழுதத் தெரியும் என்று தப்பாக நினைப்பார்கள். இங்கே இருப்பதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். அதனால் இதை அழித்துவிட வேண்டுமாம்.

ராசம்மா எழுந்து நின்றாள்.

"இவங்க செத்தது நிஜமில்லயாமா?"

கிராணி வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழுதியது யார் என்று துரைசானி கேட்டாள், இன்னும் தாம் சொல்லவில்லை என்றார். பாயின் பெயர் தெரிந்தால் கடையை மூடிச் சாமானை வெளியே வீசிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் அழிந்துவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். சொல்லிக்கொண்டே சுண்ணாம்பு வாளியை உள்ளே நகர்த்தி வைத்தார். சுவரைப் பற்றி முன்பே கேள்விப்பட்டு அதை எடுத்து வந்து வாசலில் வைத்திருந்தார், புண்ணியவான்.

அடிக்க ஆள் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். வேறு எவன் கையோ அவர்கள் மேல் படுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுண்ணாம்படிக்கிற மட்டையை நனைத்து மேலிருந்து அடிக்கத் தொடங்கினாள். கரி லேசில் மறைகிற சாமானா? ஒரு பூச்சுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது, இரண்டாம் பூச்சுக்கும் நிழலாக நின்றது. மூன்றாம் பூச்சில்தான் போயிற்று. முதல் சாவுக்கு அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இரண்டாவதை அவள் கையாலேயே செய்ய வைத்தார்கள். புருஷனுடைய வரியைக் கடைசி வரை விட்டு வைத்திருந்தாள். சடக்கில் கார் சத்தம் கேட்டதும் அதையும் அடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு அம்மியின் முன்னால் உட்கார்ந்தாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். அதில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், நல்ல முகம், கையில் சின்ன நோட்டு வைத்திருந்தாள். மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர, அவள் மட்டும் உள்ளே வந்து, ராசம்மாவின் நெற்றியைக் காட்டி என்னமோ கேட்டாள்.

"ஒன் புருஷன் எங்கன்னு கேக்குறாங்க" என்றார் கிராணி.

ராசம்மா குழவியை அம்மியின் மேல் நிறுத்தினாள். முதுகுப் பக்கம் சுண்ணாம்பு ஈரம் சில்லென்றிருந்தது.

"வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க" என்றாள். "பொகக் கொட்டாயில நெருப்புப் போடுறாரு. வர நேரமாவும்."

கிராணி அதைச் சொன்னார். அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டி, பென்சிலை எடுத்து இன்னொன்று கேட்டாள். என்ன கேட்கிறார்கள் என்று ராசம்மா இரண்டு தரம் கேட்ட பிறகுதான் கிராணி சொன்னார்.

"அவரு பேரு என்னன்னு கேக்குறாங்க. எழுதிக்கிறதுக்கு."

ராசம்மா அந்த நோட்டைப் பார்த்தாள். வெறும் வெள்ளைத் தாள், அதன் மேல் பென்சில். அவள் வாய் திறந்தது. ஆனால் கல்யாணமானதிலிருந்து கட்டிக் கிடந்த நாக்கு அவ்வளவு சீக்கிரம் புரளுமா? அவள் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் கிராணி முந்திக்கொண்டார். இவள் சுவரைப் பற்றி எதையாவது கொட்டிவிடப் போகிறாள் என்ற பயம் அவருக்கு. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அது எங்கள் வழக்கம் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அடடா என்பதுபோல நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெயருக்கு என்று வைத்திருந்த தாளில் அந்த வழக்கத்தைப் பொறுமையாக எழுதினாள். ராசம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனாள்.

"வீரமுத்து" என்றாள் ராசம்மா.

அதற்குள் அவர்கள் எல்லாரும் புகைக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்கள்.